பேய்க்கும் பேர் வேண்டும்: அக்டோபர் நடைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்டோபர் நடைக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதக் கடைசிச் சனிக்கிழமை நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை, அமெரிக்க விடுதலைப் போரின்போது வாஷிங்டனின் படை முகாமிட்டிருந்த வேலி ஃபோர்ஜ் பூங்காவுக்குப் பேய்க்கதை நடைக்கு அழைத்துப் போனீர்கள். நானும் வந்திருந்தேன். கடைசி ஆளாக, சுக்குக் காபி பிளாஸ்க்கைச் சுமந்துகொண்டு நடந்தவன் நான்தான். நாற்பது பிள்ளைகளை, ஒன்றும் தொலையாமல், ஒன்றும் அழாமல் (இரண்டு அழுதன, அது கணக்கில் வராது) கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது சாதாரண வேலை இல்லை. அதனால் இதைச் சண்டைக்கடிதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குழுவில் பாதிப் பேர் எனக்கு அண்ணன், அக்கா முறை வைத்துக் கூப்பிடுகிறவர்கள். உரிமை இருப்பதால்தான் எழுதுகிறேன்.

அன்று மரக்குடிசைகள் வரிசையாக நிற்கும் இடத்தில் நம்மை நிறுத்தி, டார்ச்சை முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு ஒரு கதை சொன்னீர்கள். இந்தப் புல்வெளிக்கு அடியில் ஆயிரக்கணக்கான வீரர்கள் பனியில் உறைந்து கிடக்கிறார்கள், இருட்டியதும் எழுந்து வந்து தீ மூட்டிக் குளிர்காய்கிறார்கள், காலில் கந்தல் சுற்றிக்கொண்டு அவர்கள் நடக்கும் சத்தம் கேட்கும், இதோ இந்தக் குடிசைக்குள்தான் பன்னிரண்டு பேர் ஒரே ராத்திரியில் விறைத்துப் போனார்கள் என்று. பிள்ளைகள் வீறிட்டுக் கத்தினார்கள். எனக்கும் கொஞ்சம் முதுகு சில்லிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

திரும்பி வரும்போது காரில் என் ஒன்பது வயது மகள் கேட்டாள்: "அப்பா, அந்தப் பேயோட பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. என் பாட்டி சொன்ன பேய்க்கதை ஒன்றுகூடப் பேர் இல்லாமல் வந்ததில்லை. எங்கள் ஊர்க் கிணற்றடியில் இருந்தவள் இன்னார் மகள், இன்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள், இன்ன காரணத்தால் விழுந்தாள், வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுதில் அவளுக்கு என்ன படைக்க வேண்டும் என்பது வரைக்கும் பாட்டிக்குத் தெரியும். புளியமரத்து ஆளுக்குச் சுருட்டு வேண்டும். வாய்க்கால் மேட்டுக்காரனுக்குக் கருவாடு. பேய் என்றால் அதற்கு ஓர் ஊர், ஒரு குறை, ஒரு பசி இருக்க வேண்டும். நீங்கள் அன்று காட்டிய பேய்களுக்கு இது எதுவுமே இல்லை. மொத்தமாக, வெள்ளையாக, பனி மாதிரி ஒரு கூட்டம். அவ்வளவுதான்.

அன்று ராத்திரியிலிருந்து நான் படிக்க ஆரம்பித்தேன். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கும் இடம். பதினோரு வருஷமாக அதைத் தாண்டி கிங் ஆஃப் பிரஷ்யா மாலுக்குப் போய்வருகிறேன். ஊரிலிருந்து வந்த என் அம்மா வேலி ஃபோர்ஜ் என்றதும் முள்வேலி போட்ட ஏதோ தோட்டம் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அதைவிட அதிகம் தெரிந்துவைத்திருக்கவில்லை. ஓடைக்கரையில் இருந்த இரும்புப் பட்டறையால் வந்த பேர் அது. அந்தப் பட்டறையையும் படை வந்து தங்குவதற்கு முன்பே, 1777 செப்டம்பரில், பிரிட்டிஷ்காரர்கள் கொளுத்திவிட்டார்கள்.

முதலில் அந்தக் குடிசைகள். அவை 1777இல் கட்டியவை அல்ல. நாம் பார்த்ததெல்லாம் பிற்காலத்தில் மாதிரிக்காகக் கட்டியவை. அதனால் அந்தக் கட்டைகளுக்குள் யாரும் விறைத்துச் சாகவில்லை. உண்மையான குடிசைகளுக்கும் ஒரு கதை உண்டு, பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கும். 14 அடிக்கு 16 அடி, உள்ளே பன்னிரண்டு பேர் என்று அளவு கொடுத்த வாஷிங்டன், ஒவ்வொரு ரெஜிமெண்டிலும் சீக்கிரமாகவும் சீராகவும் கட்டி முடிக்கும் கூட்டத்துக்கு 12 டாலர் பரிசு அறிவித்தார். பலகை கிடைக்காத காட்டில் கூரை போட மாற்று வழி கண்டுபிடிப்பவருக்கு 100 டாலர். படைத்தளபதி போட்டி வைத்து வீடு கட்டவைத்த கதையைச் சொல்லியிருந்தால், நம் பையன்கள் அங்கேயே அளவெடுக்கத் தொடங்கியிருப்பார்கள்.

அடுத்தது பனி. படை வந்து சேர்ந்தது 1777 டிசம்பர் 19. கிளம்பியது 1778 ஜூன் 19. சரியாக ஆறு மாதம். சுமார் 12,000 வீரர்கள், அவர்களோடு சில நூறு பெண்களும் குழந்தைகளும். இந்த ஆறு மாதத்தில் அங்கே ஒரு சண்டைகூட நடக்கவில்லை. எதிரி முப்பது கிலோமீட்டருக்குள், பிலடெல்பியாவில், சூடான அறைகளில் இருந்தான். குளிர் இருந்தது, நிஜம். துணி இல்லை, செருப்பு இல்லை. டிசம்பர் 23 தேதியிட்ட கடிதத்தில், காலுக்கும் உடம்புக்கும் போட ஒன்றுமில்லாததால் வேலைக்கு லாயக்கற்றவர்கள் 2,898 பேர் என்று வாஷிங்டனே கணக்குக் கொடுக்கிறார். ஆனால் அந்த வருஷக் குளிர் அப்படியொன்றும் கொடியதல்ல. இதே படை இரண்டு வருஷம் கழித்து நியூ ஜெர்சியில் மோரிஸ்டவுனில் பட்ட குளிர்தான் உண்மையில் எலும்பை உருக்கியது. அதை யாரும் பேசுவதில்லை. வேலி ஃபோர்ஜ் பேரைத் தட்டிக்கொண்டு போய்விட்டது.

அங்கே இறந்தவர்கள் 1,700இலிருந்து 2,000 பேர் வரை. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்தது மார்ச், ஏப்ரல், மே மாதங்களில். இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். டாக்வுட் மரம் பூக்கும் காலம் அது. சாப்பாடு வரத் தொடங்கிவிட்டது, துணியும் வரத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் செத்தார்கள்.

என் பிழைப்பு ஒரு மருந்து நிறுவனத்தின் கிருமி ஆய்வுக்கூடத்தில். அதனால் எனக்கு இந்தப் பகுதியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கத் தோன்றுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆளைக் கொன்றது டைபஸ், டைபாய்டு, சீதபேதி, இன்ஃப்ளூயன்சா. டைபஸைப் பரப்புவது உடம்புப் பேன். தலைப் பேன் இல்லை, அழுக்குத் துணியின் மடிப்பில் குடியிருப்பது. பன்னிரண்டு பேர் ஒரே குடிசையில், ஒரே கந்தலைப் போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் ஒட்டிப் படுத்தால் பேனுக்கு அதைவிடக் கொண்டாட்டம் இல்லை. மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது. கழிப்பிடத்துக்கு ஒழுங்கு இல்லை. செத்த குதிரைகள் புதைக்கப்படாமல் கிடந்தன. பனி உருகியதும் எல்லாம் ஓடையைப் பார்த்து இறங்கும், வேறு எங்கே போகும்?

பிப்ரவரி 23 அன்று முகாமுக்கு வந்து சேர்ந்த ஜெர்மன் படை அதிகாரி வான் ஸ்டாய்பன் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்த கதைதான் எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலம் தெரியாமல் திட்டினார், மொழிபெயர்த்துத் திட்டச் சொன்னார் என்று சிரிப்பார்கள். அடுப்பு ஒரு பக்கம், கழிப்பிடம் அதற்கு எதிர்ப்பக்கம், அதுவும் சரிவின் கீழே என்று முகாமுக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்ததும் அதே மனிதர்தான். என்னைக் கேட்டால் அந்தக் கழிப்பிடக் கோட்டுக்குத்தான் ஒரு சிலை வைத்திருக்க வேண்டும். பெரியம்மை நோய்க்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தடுப்பு முறை செய்தார்கள். ஜென்னரின் பசு அம்மை ஊசி வர அப்போது இன்னும் பதினெட்டு வருஷம் இருந்தது. நோயாளியின் கொப்புளத்துச் சீழை எடுத்து, நல்ல ஆளின் கையைக் கீறித் தடவும் பழைய முறை. எதிரிக்குத் தெரியாமல், படையில் பலர் படுத்துக் கிடக்கையில் செய்தார்கள். இதைவிடத் திகிலான கதையை நீங்கள் டார்ச் வெளிச்சத்தில் சொல்ல முடியுமா?

இன்னொன்று. நோயாளிகளில் பலர் அந்தப் புல்வெளியில் சாகவில்லை. யெல்லோ ஸ்பிரிங்ஸ், எஃப்ரட்டா, லிட்டிட்ஸ், பெத்லகேம் என்று சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரிகளுக்கு வண்டியில் அனுப்பப்பட்டு அங்கே போய்ச் செத்தார்கள். சில இடங்களில் மதக் குழுவினரின் வீடுகளையும் மடங்களையும் ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். அவர்களைக் கவனித்த உள்ளூர்க்காரர்களுக்கும் காய்ச்சல் தொற்றியது. நீங்கள் கை நீட்டிக் காட்டிய புல்வெளியில் இரவில் ஒரு பேய் நடக்கிறதென்றால், அது எஃப்ரட்டாவிலிருந்து தூரம் நடந்து வந்த பேயாகத்தான் இருக்க வேண்டும். அதற்குக் கால் வலிக்கும்.

சரி, சத்தம் கேட்கும் என்றீர்களே, அதற்கு வருகிறேன். உண்மையிலேயே அந்தப் பள்ளத்தாக்கில் ராத்திரி ஒரு சத்தம் கேட்டது. கனெக்டிகட் படையின் மருத்துவர் ஆல்பிஜென்ஸ் வால்டோ தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். வந்து சேர்ந்து இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 21 மாலை, முகாம் முழுக்க வீரர்கள் "கறி இல்லை, கறி இல்லை" என்று கத்தத் தொடங்கினார்கள். தூரத்துப் பள்ளத்தாக்கு அதையே திருப்பிச் சொன்னது. நடுவே சிலர் காக்கை மாதிரியும் ஆந்தை மாதிரியும் கத்தினார்கள். பசித்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இருட்டில் ஆந்தை மாதிரி அலறினால் எப்படி இருந்திருக்கும்? அவர்கள் கையில் இருந்தது மாவும் தண்ணீரும்தான். பிசைந்து, சூடான கல்லில் தட்டி, பாதி வேகாமலும் பாதி கரியாகியும் போன ரொட்டி. அதற்கு நெருப்பு ரொட்டி என்று பேர் வைத்திருந்தார்கள். இந்தக் கதையை நம் பிள்ளைகளிடம் சொல்லி, நீங்களும் கத்திப் பாருங்கள் என்று விட்டிருந்தால் அந்தப் பள்ளத்தாக்கு இன்றைக்கும் திருப்பிச் சொல்லியிருக்கும். நாற்பது தமிழ்க் குரலில் "கறி இல்லை"! சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்பது வேறு விஷயம்.

அப்புறம் தேவதைக் கதை. வாஷிங்டன் தனியாக உட்கார்ந்திருந்தபோது ஒளிவடிவான ஒரு பெண் தோன்றி, இந்த நாட்டுக்கு வரப்போகும் மூன்று ஆபத்துகளைக் காட்டினாள் என்று குழுவில் ஒருவர் சொன்னார். வாட்ஸ்அப்பில் வருவதற்கு நூற்றைம்பது வருஷம் முன்பே சுற்றிய செய்தி அது. இது அச்சில் வந்தது 1861இல், உள்நாட்டுப் போர் மூண்ட வருஷத்தில். எழுதியவர் பிலடெல்பியாவில் பத்திரிகைக் கதைகள் எழுதிவந்த ஒருவர், அதுவும் புனைபெயரில். 99 வயதுக் கிழவர் ஒருவர் சொல்லக் கேட்டதாக ஒரு சட்டகம் போட்டுக்கொண்டார். நாடு இரண்டாக உடையக்கூடாது என்ற கவலையில் அமெரிக்காவின் வடக்கு மாநிலத்தவர் இருந்தபோது, நாட்டின் தந்தையே முன்கூட்டிப் பார்த்துவிட்டார் என்று சொல்லத் தேவை இருந்தது. தேவைக்கு ஒரு தேவதை. பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாம், தப்பில்லை. எந்த வருஷம் யார் எழுதினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கதை இன்னும் சுவையாகத்தான் இருக்கும்.

பேய்க்கதையே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அதே பூங்காவில் வெண்கலக் குதிரை மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அன்று நாம் பஸ்ஸிலிருந்து இறங்காமலே தாண்டிப் போனோம். அந்தோணி வெய்ன், வாஷிங்டனின் படைத்தளபதிகளில் ஒருவர். என் பாட்டி கேட்டிருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பார், அப்படிப்பட்ட பேய்.

பக்கத்துப் பாவோலிக்காரர். அவர் படையினரைத்தான் 1777 செப்டம்பரில் பிரிட்டிஷ்காரர்கள் நள்ளிரவில், துப்பாக்கிச் சத்தமே இல்லாமல், துப்பாக்கி முனைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். மால்வெர்னில் அந்த இடம் இன்றும் வேலி போட்டுக் காக்கப்பட்டிருக்கிறது, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே ஒரே குழியில். வெய்ன் தப்பித்தார், வேலி ஃபோர்ஜ் குளிர்காலத்தையும் தாண்டினார், 1796 டிசம்பரில் மாநிலத்தின் மறுகோடியில், ஈரி ஏரிக்கரைக் கோட்டையில் இறந்தார். அங்கேயே புதைத்தார்கள். 1809இல் மகன் ஐசக், தகப்பனைச் சொந்த ஊர்க் கல்லறையில் சேர்க்க வேண்டுமென்று சின்ன இரண்டு சக்கர வண்டியில் கிளம்பிப் போனார். தோண்டிப் பார்த்தால், பதின்மூன்று வருஷம் கழித்தும் உடல் ஏறக்குறைய கெடாமல் இருந்தது. ஒரு காலின் ஒரு பகுதி மட்டும் போயிருந்தது. முழு உடலை அந்த வண்டியில் 600 கிலோமீட்டருக்கு மேல் எப்படிக் கொண்டுபோவது? மருத்துவர் வாலஸ் ஒரு வழி சொன்னார். உடலைக் கொப்பரையில் போட்டு வேகவைத்து, எலும்பைத் தனியாக எடுத்தார்கள். சதையை ஈரியிலேயே திரும்பப் புதைத்தார்கள். எலும்பு மட்டும் மகனோடு வந்தது, ராட்னரில் செயின்ட் டேவிட்ஸ் தேவாலயத்தில் புதைக்கப்பட்டது. ஒரு மனிதர், இரண்டு கல்லறை. அந்தக் கொப்பரையை ஈரியில் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காட்டு வழியில் வண்டி குலுங்கிக் குலுங்கிச் சில எலும்புகள் விழுந்துவிட்டன என்பது மக்கள் பேச்சு. ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும், அது அவர் பிறந்தநாள், குதிரை ஏறி இன்றைய 322ஆம் எண் சாலை வழியே எலும்பைத் தேடிக்கொண்டு போகிறார் என்கிறார்கள். பாருங்கள், பேர் இருக்கிறது, தேதி இருக்கிறது, வழி இருக்கிறது, குறை இருக்கிறது. தகப்பன் அஸ்தியைச் சொம்பில் கட்டிக்கொண்டு ரயிலில் ராமேஸ்வரம் போன குடும்பங்கள் நாம். மடியில் வைத்த சொம்பு வழியில் சாய்ந்துவிடக்கூடாதே என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்த என் பெரியப்பாவை எனக்கு நினைவிருக்கிறது. ஐசக் வெய்னைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வரவில்லை.

அடுத்த முறை இரண்டு இடங்களையாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவும். ஒன்று, வாஷிங்டன் தங்கியிருந்த கல்வீட்டின் அடுக்களை. அந்த வீடு நிஜமாகவே அந்தக் காலத்தது. அவருக்குச் சமைத்தவர்களில் ஹன்னா டில் என்ற கருப்பினப் பெண் ஒருவர். அடிமை. அவர் கணவர் ஐசக்கும் அப்படியே. வேலைக்குக் கிடைத்த கூலியைச் சேர்த்து, தங்கள் விடுதலையைத் தாங்களே விலைக்கு வாங்கினார்கள். விடுதலைக்காகப் போரிட்ட தளபதிக்குச் சமைத்துக்கொண்டே. அதே குளிர்காலத்தில், 1778 பிப்ரவரியில், ரோட் ஐலண்டு மாகாணம் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று சட்டம் போட்டது, ஆள் கிடைக்காததால். அன்று டார்ச் வெளிச்சத்தில் நீங்கள் காட்டிய பேய்கள் எல்லாம் வெள்ளை முகமாகவே இருந்தன என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கவனித்தார்களோ.

இன்னொன்று, ஜான் வாட்டர்மனின் கல்லறை. அவரும் ரோட் ஐலண்டு படைக்காரர், லெஃப்டினன்ட். 1778 ஏப்ரல் 23 அன்று இறந்தார். ஜே.டபிள்யூ., 1778 என்று மட்டும் செதுக்கிய ஒரு சின்னக் கல்லை யாரோ நட்டார்கள். அவ்வளவு பெரிய பூங்காவில், இன்னார் என்று அடையாளம் சொல்லக்கூடியதாக மிஞ்சிய கல்லறைக் கல் அது ஒன்றுதான். 1901இல் அந்த இடத்தில் ஓர் உயரமான தூண் எழுப்பினார்கள். தூணை விடுங்கள். அந்த முதல் கல்லை நட்ட ஆளை நினைத்துப் பாருங்கள். சுற்றிலும் தினம் சாவு, நோய், பெருங்குழப்பம். அதற்கு நடுவே ஒரு நண்பனுக்காக உளி எடுத்து இரண்டு எழுத்து வெட்டியிருக்கிறான். நடுகல் நட்ட ஊர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. என் மகள் கேட்ட கேள்விக்குப் பதிலும் அந்தக் கல்தான். மறுவாரம் அவளை மட்டும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். "ஜான் மாமா" என்று அவளே முறை வைத்துவிட்டாள்.

போன இடத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. அன்று அவள் ஒரு கூழாங்கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள், ஞாபகார்த்தமாக. தேசியப் பூங்காவிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக்கூடாது. அதைத் திரும்ப வைத்துவிட்டு வந்தோம். வேறு பிள்ளைகளின் பையிலும் இருக்கலாம், வீட்டில் கொஞ்சம் தேடச் சொல்லுங்கள். இருட்டிய பிறகு அங்கே நிற்கவும் அனுமதி இல்லை. அன்று ரேஞ்சர் வந்து மரியாதையாகத்தான் வண்டியை எடுக்கச் சொன்னார், ஆனாலும் பிள்ளைகள் முன்னால் அது நமக்கு அழகாக இல்லை. 1893இல் பென்சில்வேனியாவின் முதல் மாநிலப் பூங்காவாகவும், 1976 ஜூலை 4இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கி இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நேரம் முடிந்தால் கிளம்புவது பெரிய கஷ்டமா?

எனவே அக்டோபரை விட்டுவிடுங்கள் என்று கேட்கிறேன். பேய்களுக்கு அது சௌகரியமான மாதமாக இருக்கலாம், இந்தப் பேய்களுக்கு இல்லை. அடுத்த ஏப்ரல் 23ஐ ஒட்டி வரும் சனிக்கிழமை, பகலில், வாட்டர்மன் கல்லிலிருந்து தொடங்குவோம். வெய்ன் கதையை நான் சொல்கிறேன், கொப்பரைப் பகுதியைச் சின்னப் பிள்ளைகள் இல்லாதபோது. ஹன்னா டில் பற்றிச் சொல்ல நம் பள்ளியில் ஏழாம் நிலை படிக்கும் ஒரு பெண் ஏற்கனவே ஒத்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் பார்பிக்யூ அடுப்புள்ள வேறு ஏதாவது பூங்காவுக்குப் போய் எல்லோருமாக நெருப்பு ரொட்டி சுடலாம். மாவு நான் கொண்டுவருகிறேன். தயவுசெய்து யாரும் நெய்யும் ஊறுகாயும் எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

அன்புடன்,
சுக்குக் காபி பிளாஸ்க் சுமந்தவன்